படம் பார்க்கும் கணினிக்கு முன்னறிவு: எங்கே தவறுகிறோம்?

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு பழைய கடைப் பலகையைக் கைப்பேசியில் படமெடுத்து, எழுத்தைப் படிக்கச் சொல்கிறோம். பழைய எழுத்து வடிவங்கள் பலவற்றில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். வடிவத்தை மட்டும் பார்த்தால் அது ‘நகரம்’ஆகவும் இருக்கலாம், ‘நகாம்’ஆகவும் இருக்கலாம். ‘நகாம்’ என்றொரு சொல் தமிழில் இல்லை என்று முன்பே தெரிந்தால்தான் கணினி தடுமாறாது. கண்ணில் படுவதையும் ஏற்கெனவே தெரிந்ததையும் இப்படி எடைபோட்டுச் சேர்க்கும் கணக்குக்கு வேர், கணித அறிஞர் தாமஸ் பேய்ஸ் இறந்தபின் 1763இல் வெளியான கட்டுரை.

ஏற்கெனவே தெரிந்த அந்த முன்னறிவுக்குத் தரும் எடை கூடிப்போவதுதான் முதல் தவறு. பலகையில் இருப்பது ‘பரணி’ என்ற பெயர். மாடல், அதாவது பயிற்சி பெற்ற கணினி நிரல், படித்து வளர்ந்த உரைகளில் ‘பாணி’ அதிகம் வந்திருந்தால், பரணியைப் பாணியாக்கிவிடும். ‘நகாம்’ என்று வந்தால் பிழை பளிச்சென்று தெரியும். ‘பாணி’ நல்ல தமிழ்ச் சொல், சரிபார்ப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் இதை மற்ற எல்லாத் தவறுகளையும்விட மோசமானது என்கிறேன். பெயரும் முகவரியும் வரும் இடங்களில் அகராதிக்குக் கொடுக்கும் எடையைக் குறையுங்கள். வடிவம் சொன்ன வாசிப்பையும் அழிக்காமல் பக்கத்திலேயே வையுங்கள்.

அடுத்தது, வேறு ஊரின் அறிவை அப்படியே கொண்டுவருவது. 2016இல் வந்த சிட்டிஸ்கேப்ஸ் என்ற பயிற்சிப் படத் தொகுப்பு, பெரும்பாலும் ஜெர்மனியைச் சேர்ந்த 50 நகரங்களின் தெருக்காட்சி. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். இங்கே சிராங்கூன் சாலையில் இடப்பக்கம். அங்கே பழகிய மாடல் இங்கே தடுமாறும். படங்களை இடவலமாகத் திருப்பிப் பயிற்சி கொடுத்தால் இந்தக் கோளாறு குறையும். ஆனால் தமிழ்ப் பலகைகளைப் படிக்கும் மாடலுக்கும் அதே வித்தையைச் செய்யாதீர்கள். ‘கா’வைத் திருப்பினால் துணைக்கால் ‘க’வுக்கு முன்னால் வந்து நிற்கும். அப்படி ஓர் எழுத்தே நம்மிடம் இல்லை.

நிழலையும் மறந்துவிடுகிறோம். ஐரோப்பாவில் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும். நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கும் சிங்கப்பூரில், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 1 மணியளவில் அது தெற்கே விழும், ஆண்டுக் கடைசியில் வடக்கே. நிழலை வைத்துத் திசையையோ உயரத்தையோ கணிக்கும் மாடலை, இங்கேயே ஜூனில் எடுத்த படத்திலும் டிசம்பரில் எடுத்த படத்திலும் தனித்தனியே சோதியுங்கள்.