பெடல் ஸ்டீல் கிட்டார்: கணுக்காலைக் கேட்டு வாங்குங்கள்

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் இருந்துகொண்டு, கால் பெடல்களாலும் முழங்கால் லீவர்களாலும் தந்திகளின் சுருதியை மாற்றி வாசிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டாரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க எண்ணும் இசை அன்பர்கள், ஈ9 என்னும் தந்திச் சுருதியமைப்பில் எம்மன்ஸ், டே என்னும் இரண்டு பெடல் வரிசைகளில் எது தங்கள் காலுக்கு ஏற்றது என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். எம்மன்ஸ் வரிசையில் பெடல்கள் இடமிருந்து ஏ, பி, சி என்றும், டே வரிசையில் சி, பி, ஏ என்றும் அமைகின்றன.

ஏ பெடலை அழுத்தியவாறே, ஈ தந்திகளை எஃப் சுரத்துக்கு உயர்த்தும் முழங்கால் லீவரையும் தள்ளுவது அடிக்கடி தேவைப்படும் என்பதால், இடது பாதம் ஏ பெடலை நோக்கிச் சாயும்போது இடது முழங்கால் இயல்பாகப் போகும் பக்கத்திலேயே அந்த லீவர் இருக்கவேண்டும். அதாவது எம்மன்ஸில் இடப்பக்கம், டேயில் வலப்பக்கம். வலது முழங்கால் லீவர்களைப் பற்றி இப்போதே கவலைப்படத் தேவையில்லை. நாற்காலியில் அமர்ந்து இடது கணுக்காலை இருபுறமும் சாய்த்துப் பார்த்து, அது எளிதாகச் சாயும் பக்கத்தில் ஏ பெடல் வரும் வரிசையையே கேட்டு வாங்குங்கள்.