விரலில் மரு வந்தால்

விரலிலும் புறங்கையிலும் சொரசொரப்பாக, காலிஃபிளவர் பூவைப் போல முளைக்கும் மருவுக்குக் காரணம் ஹெச்பிவி என்ற வைரஸ். பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் ஓரிரு வருடங்களில் தானாகவே மறைந்துவிடும். அதுவரை பொறுக்க முடியாது என்றால், மருந்துக் கடையில் 17 சதவீத சாலிசிலிக் அமிலக் கரைசல் கேட்டு வாங்குங்கள்.

இரவில் மருவை வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவையுங்கள். ஊறி வெளுத்த தோலை நகம் தேய்க்கும் அட்டையால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். ரத்தம் வரும் அளவுக்குப் போக வேண்டாம். அந்த அட்டையை மறுபடி நகத்துக்குப் பயன்படுத்தினால் மரு பரவும். அப்புறம் ஈரத்தைத் துடைத்து, சுற்றியுள்ள நல்ல தோலில் கொஞ்சம் வாசலைன் தடவி, மருவின் மேல் மட்டும் கரைசலை ஒரு சொட்டு வையுங்கள். தினமும் செய்தாலும் 12 வாரம் வரை ஆகலாம். பலர் இரண்டு வாரத்திலேயே அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

அம்மான் பச்சரிசி என்ற செடியின் பாலை மருவில் வைப்பது நம் ஊர்ப் பழக்கம்தான். ஆனால் அது தோலை எரிச்சலாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. சுண்ணாம்பு வைப்பது வேண்டவே வேண்டாம், தோல் வெந்து தழும்பாகிவிடும்.

முகத்திலும் பிறப்புறுப்பிலும் வந்த மருவுக்கு இந்த அமிலம் கூடாது. கழுத்தில் மெத்தென்று தொங்குவது வேறு வகை, அதற்கும் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எதையும் தடவாதீர்கள்.