புழுதிப் புயலில் பலரும் செய்யும் தவறுகள்

2024 மே 13 மாலை மும்பையைப் புழுதிப் புயல் தாக்கியது. பகலிலேயே ஊர் இருண்டது. சுமார் ஒரு மணி நேரம் விமானப் போக்குவரத்து நின்றது. ஆனால் அன்று ஆளைக் கொன்றது புழுதி இல்லை, காற்று. காட்கோபரில் ஒரு பெட்ரோல் பங்க் மேல் விளம்பரப் பலகை சரிந்து 17 பேர் இறந்தார்கள். மாநகராட்சி விதிப்படி பலகை 40க்கு 40 அடிதான் இருக்கலாம். அங்கே நின்றதோ ஏறக்குறைய 120க்கு 120 அடி! அடியில் சிக்கியவர்களில் மழைக்கு ஒதுங்கியவர்களும் உண்டு.

முதல் தவறு இந்த ஒதுங்குதல்தான். இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று மளமளவென இறங்கி, தரையில் மோதி நாலாபக்கமும் பாயும். அதன் முன்விளிம்புதான் மண்ணை வாரிக்கொண்டு சுவர்போல வருகிறது. ஆக, புழுதி தெரிந்தாலே பலத்த காற்று வந்துவிட்டது என்று அர்த்தம், மழை அப்புறம்தான். நனையாமல் இருக்க மரத்தடி, பேனர், தகரக் கொட்டகை என்று தேடாதீர்கள். பக்கத்தில் கான்கிரீட் கட்டடம் இருந்தால் உள்ளே போய்விடுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. அன்று வடாலாவில் இரும்புச் சட்டங்களால் கட்டிவந்த பார்க்கிங் கோபுரமே சாய்ந்தது.

மாடியில் நின்று வீடியோ எடுப்பதும் வேண்டாம். பக்கத்து மாடித் தகரமும் பால்கனிப் பூந்தொட்டியும் பறக்கிற நேரம் அது.

காரில் போகிறவர்கள் கண் தெரியாவிட்டாலும் ஊர்ந்துகொண்டே போவார்கள், அல்லது சாலையிலேயே நிறுத்தி விளக்கை எரிய விடுவார்கள். இரண்டாவது இன்னும் மோசம். புழுதிப் புயலுக்குப் பழகிய அமெரிக்காவின் அரிசோனாவில் சொல்லித்தருவது இது: சாலையை விட்டு முழுக்க ஓரங்கட்டுங்கள், எல்லா விளக்குகளையும் அணையுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுங்கள், சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். விளக்கு எரிந்தால், அங்கே ஒரு வண்டி ஓடுகிறது என்று நினைத்து, பின்னால் வருபவர் அதையே பின்தொடர்ந்து வந்து மோதிவிடுவார்.

மூக்கில் கர்ச்சீப் கட்டினால் மணல் நிற்கும், நுண்துகள் நிற்காது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு என்95 முகக்கவசம் தேவை; இன்ஹேலரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணில் தூசு விழுந்தால் கசக்காமல் தண்ணீரால் கழுவுங்கள்.

புயல் ஓய்ந்ததும் துடைப்பத்தை எடுத்து வறண்ட தரையைப் பெருக்கினால், படிந்த புழுதி திரும்பவும் மூச்சில்தான் ஏறும். ஈரத்துணியால் துடையுங்கள். கார்க் கண்ணாடியிலும் தண்ணீர் ஊற்றிய பிறகே வைப்பரைப் போடுங்கள், இல்லாவிட்டால் கீறல் விழும்.