கத்திரி வெயிலில் பூந்தோட்டம்: வேரைக் குளிர வைத்தால் போதும்

வெயில் காலத்தில் செடி தங்கவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள். இலை தொங்கினால் ஒரு குடம், நிமிர்ந்தால் நிம்மதி. ஆனால் நம் ஊர்க் கோடையில் செடியைச் சாகடிப்பது பெரும்பாலும் மேலே அடிக்கிற வெயில் இல்லை, கீழே கொதிக்கிற மண். மண் சூடேறிவிட்டால் வேர் தண்ணீர் இழுப்பதே குறைந்துவிடும், அப்புறம் எத்தனை குடம் ஊற்றினாலும் இலைக்குப் போய்ச் சேராது. கீழே சொல்லியிருக்கிற ஒவ்வொரு வேலையும் மண்ணைக் குளிர்ச்சியாக வைப்பதற்குத்தான்.

நான் இருப்பது திருச்சி. காம்பவுண்டு சுவர் ஓரமாகக் கொஞ்சம் மண் தரை, மேலே மொட்டை மாடியில் தொட்டிகள், தண்ணீர் போர் தண்ணீர். மாசியில் தொடங்கிய வேலை. இப்போது கத்திரி நடக்கிறது, குண்டுமல்லி இரண்டாவது சுற்றுக்கு மொட்டு வைத்திருக்கிறது, பாத்தியில் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் நிற்கின்றன. செம்பருத்தி மட்டும் பூவைச் சின்னதாக்கிவிட்டது. வெயிலில் அது அப்படித்தான்.

முதலில் வெயிலைப் பாருங்கள், செடியை அப்புறம் வாங்கலாம்

காலை எட்டு, மத்தியானம் ஒன்று, மாலை நாலு, இந்த மூன்று நேரத்திலும் வீட்டைச் சுற்றி வந்து வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மார்கழியில் பார்த்து வைத்த கணக்கு இப்போது செல்லாது. திருச்சி அட்சரேகையில் ஏப்ரல் மூன்றாம் வாரம் வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நடுப்பகலில் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே தள்ளித்தான் நிற்கும். அதனால் குளிர்காலம் முழுக்க நிழலாக இருந்த வடக்குச் சந்தில் கூட இப்போது வெயில் எட்டிப் பார்க்கும். நிழல் என்று நம்பி அங்கே வைத்த கனகாம்பரம் கருகினால் காரணம் இதுதான்.

மேற்குப் பார்த்த சுவர் ஓரம் எல்லாவற்றையும் விட மோசம். பிற்பகல் வெயிலை வாங்கிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் சுவர் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும், கையை வைத்துப் பார்த்தால் தெரியும். பாத்தியை அந்தச் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளிப் போடுங்கள். தொட்டிகளைத் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்து, ஒன்றோடொன்று நெருக்கி ஒரே கூட்டமாக நிறுத்துங்கள். ஓரத்தில் நிற்கிற பெரிய தொட்டிகள் உள்ளே இருக்கிற சின்னத் தொட்டிகளுக்கு நிழல் கொடுக்கும். கறுப்புத் தொட்டிதான் இருக்கிறது என்றால் வெளியே பழைய சாக்கைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், அழகு பார்க்க இது நேரமில்லை.

பச்சை நிழல் வலை கட்டுவதாக இருந்தால் 50 சதவீத வலை போதும். எல்லாச் செடியையும் அதற்குள் தள்ளிவிடக் கூடாது. மல்லி, அரளி, பத்துமணிப் பூ, வாடாமல்லி எல்லாம் வலைக்கு வெளியே நிற்க வேண்டியவை, உள்ளே வைத்தால் இலை மட்டும் தளதளவென்று வரும், பூ வராது. வலை யாருக்கு என்றால் நாற்றுகளுக்கு, கனகாம்பரத்துக்கு, புதிதாக வாங்கி வந்த செடிகளுக்கு.

கோடைக்கு எந்தப் பூ?

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என் சிபாரிசு பத்துமணிப் பூ, டேபிள் ரோஸ் என்றும் சொல்வார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி, சதைப்பற்றான இலையில் தண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் விரல் நீளத்துக்கு நாலு தண்டு கிள்ளி வாங்கி வந்து ஈர மண்ணில் செருகினால் போதும், ஒரு வாரம் பத்து நாளில் வேர் பிடித்துவிடும். இதற்குத் தண்ணீர் குறைவாகத்தான் வேண்டும்.

அடுத்தது வாடாமல்லி. விதையைச் சுற்றிப் பஞ்சு மாதிரி இருக்கும், ராத்திரி ஊறவைத்துக் காலையில் தூவினால் சீக்கிரம் முளைக்கும். கோழிக்கொண்டையும் இதே குணம். ஜினியா நன்றாக வரும், ஆனால் இலையில் தண்ணீர் பட்டுக்கொண்டே இருந்தால் இலைப்புள்ளி நோய் வரும், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள்.

நித்தியகல்யாணியைச் சில வீடுகளில் சுடுகாட்டுப் பூ என்று சொல்லி உள்ளே விடமாட்டார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த இந்தச் செடியிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற வின்கிறிஸ்டின் மருந்து கிடைக்கிறது. எனக்கு அதன் மேல் தனி மரியாதை உண்டு, வருஷம் முழுக்கப் பூக்கிற செடியை வேறு எப்படி நடத்துவது? செடி முழுக்க நஞ்சு என்பதால் ஆடு மாடு, சின்னக் குழந்தைகள் வாய் வைக்காத இடத்தில் வையுங்கள்.

ரோஜா வேண்டாம். இந்த மூன்று மாதம் புது ரோஜா வாங்காதீர்கள் என்றால் யாரும் கேட்பதில்லை. ஓசூர்ப் பக்கத்துக் குளுமையில் வளர்ந்து, வண்டியில் வந்து, சாலையோரத்தில் நின்ற செடி சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்கு ஏறினால் என்ன ஆகும்? எதிர்வீட்டு அக்கா வருஷா வருஷம் வாங்குகிறார். "பூவோட இருக்குப்பா, விட்டுட்டு வர மனசு வரல" என்பார். அந்தப் பூவோடு சரி.

மண் கலவை

செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மழைக்காலத்தில் நார்க்கழிவைப் பாதியாகக் குறைக்கலாம், கோடையில் அதுதான் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

நார்க்கழிவுக் கட்டியை வாங்கி வந்து அப்படியே கலந்துவிடாதீர்கள். பெரிய வாளியில் ஊறப்போட்டால் கட்டி உப்பி உதிரும், தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். அதைப் பிழிந்து கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி பிழியுங்கள், நிறம் வெளுக்கிற வரைக்கும். அதில் உப்பு இருக்கும், நம் போர் தண்ணீரிலும் உப்பு, இரண்டும் சேர்ந்தால் இலை ஓரம் பழுப்பாகத் தீயும், நாம் வெயில் என்று நினைத்துக்கொள்வோம்.

கலவையைக் கையில் ஈரமாக எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கட்டை விரலால் லேசாகத் தட்டினால் உதிர வேண்டும். உதிரவில்லை என்றால் களிமண் அதிகம், கொஞ்சம் மணல் சேருங்கள். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் உரம் போதவில்லை.

பாத்தி: மேடு வேண்டாம், பள்ளம்

வீடியோக்களில் எல்லாரும் மேட்டுப் பாத்தி போடுகிறார்கள், அது மழை ஊருக்கு. நம் கோடையில் மேட்டில் ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து போகும், மேடு நாலாபுறமும் காய்ந்து மண் சுடும். கோடைக்குப் பள்ளப் பாத்திதான். தரையை ஒரு அடி ஆழம் கொத்தி, கல்லைப் பொறுக்கி, இரண்டு மூன்று அங்குலம் உரம் பரப்பிக் கலந்து, நடக்கிற தரையை விட நாலு விரற்கடை தாழ்வாக மட்டம் செய்யுங்கள். எடுத்த மண்ணைச் சுற்றிலும் வரப்பாகக் கட்டுங்கள். அகலம் மூன்றரை அடிக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமிருந்தும் கை நடுவுக்கு எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைத்து மிதித்தால் மண் இறுகிவிடும்.

தேங்காய் மட்டை கிடைத்தால் அடியில் ஒரு வரிசை, நார்ப்பக்கம் மேலே பார்க்கிற மாதிரி அடுக்கி அதன் மேல் மண்ணைப் போடுங்கள். தென்னைக்குக் குழி எடுத்து மட்டை புதைப்பது பழைய வழக்கம்தானே, பூப்பாத்திக்கும் அது அப்படியே பொருந்தும். மட்டை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடும்.

நட்ட பிறகு மேலே மூடாக்கு. சருகு, வைக்கோல், காய்ந்த வேப்பிலை எது கிடைத்தாலும் இரண்டு மூன்று அங்குலத்துக்கு. தண்டை ஒட்டி வைக்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். மத்தியானம் மூடாக்கைக் கொஞ்சம் விலக்கி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், பக்கத்தில் திறந்து கிடக்கிற மண்ணையும் தொட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசத்தைக் கையால் ஒருமுறை உணர்ந்தால் அப்புறம் மூடாக்கு இல்லாமல் நட மாட்டீர்கள். செம்மண் தரையில் சருகுக்குக் கரையான் வரும், வேப்பம் புண்ணாக்குத் தூவினால் ஓரளவு அடங்கும்.

நடுவது

நர்சரியில் வாங்கிய செடியை அன்றைக்கே நடாதீர்கள். ஒரு வாரம் நிழலில், அப்புறம் காலை வெயிலில் சில நாள், அப்புறம்தான் பாத்தி. நடுவது சாயங்காலம், வெயில் இறங்கின பிறகு. குழியில் முதலில் தண்ணீர் ஊற்றி அது இறங்கியதும் வையுங்கள். பையில் இருக்கிற களிமண் உருண்டை சில சமயம் செங்கல் மாதிரி இறுகியிருக்கும், அதைத் தண்ணீரில் ஊறவைத்து ஓரத்தை மட்டும் லேசாக உடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் அந்த உருண்டைக்குள்ளேயே சுற்றும். நட்ட அன்றே உரம் வைக்க வேண்டாம்.

தண்ணீர்

காலை ஏழு மணிக்குள் ஊற்றிவிடுங்கள், இதுதான் முக்கியமானது. மாடித் தொட்டிகளுக்கு மாலையிலும் கொஞ்சம் வேண்டியிருக்கும். மாலையில் குழாயைத் திறந்தால் ஓஸ் பைப்பில் முதலில் வருவது குளிக்கிற சூட்டுக்கு மேலே இருக்கும், அதை வாளியில் பிடித்து ஓரமாக வைத்துவிட்டுக் குளிர்ந்த பிறகு பயன்படுத்துங்கள்.

ஊற்றுவதற்கு முன்னால் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம், மேல் மண் காய்ந்து வெளுத்திருந்தாலும் சரி. காய்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளையில் தண்ணீர் வெளியே வருகிற வரைக்கும் ஊற்றுங்கள். தினமும் ஒரு சொம்பு தெளித்துவிட்டுப் போனால் வேர் மேலேயே நின்றுவிடும், அந்த மேல் இரண்டு அங்குலம்தான் முதலில் சூடாகிற இடம்.

மத்தியானம் இரண்டு மணிக்குச் செடி தொங்கும். மண்ணில் ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஆறு மணிக்கு நிமிர்ந்துகொள்ளும். காலை ஏழு மணிக்கும் தொங்கிக்கொண்டு நின்றால்தான் கவலை. அப்போது மண் காய்ந்திருந்தால் தாகம், மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் அழுகல்.

தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அது போர் தண்ணீர் உப்பு. மாதம் ஒருமுறை மேல் மண்ணை ஒரு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை போடுங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, அதை வாளியில் பிடித்து மல்லிக்கு ஊற்றலாம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீர் நேர் எதிர், உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. அது பாத்ரூம் கழுவத்தான்.

குண்டுமல்லிக்குத் தனியாக

மல்லிக்கு வெயில் பகை இல்லை. அதற்குப் பூக்காலமே பங்குனி, சித்திரை, வைகாசிதான். புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும், பூ உதிர்ந்த ஒவ்வொரு நுனியையும் இரண்டு இலை சேர்த்து வெட்டிவிடுங்கள். வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் தளிர் கிளம்பும், ஒரு கிளை இரண்டாகும். கடலைப் புண்ணாக்கை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து வேரடியில் ஊற்றுங்கள், ஏற்கெனவே ஈரமாக இருக்கிற மண்ணில் மட்டும். நாற்றம் ஒரு நாள் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெரிய கவாத்து, அதாவது கிளைகளை நன்றாகக் குறைத்து வெட்டுவது, கார்த்திகையில், இப்போது இல்லை.

மொட்டு ஊதா நிறமாக மாறி, உள்ளே துளை இருந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்துச் செடிக்கடியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள்.

பூச்சி

கோடையில் முதலில் வருவது சிவப்புச் சிலந்திப் பேன். இலையில் ஊசியால் குத்தின மாதிரி வெளிர்ப் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. சந்தேகமாக இருந்தால் இலைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள், விழுந்த தூசி நகர்ந்தால் அதுதான். காய்ந்த சூடுதான் அதற்குப் பிடிக்கும் என்பதால் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், நாலைந்து நாள் தொடர்ந்து. அதற்கும் போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மில்லி, கரைவதற்கு நாலு சொட்டுச் சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கிச் சாயங்காலம் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் எண்ணெய் இலையை வறுத்துவிடும்.

செம்பருத்தியில் எறும்பு வரிசை ஏறினால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். அது கழிக்கிற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு காவல் நிற்கும். 2008 வாக்கில் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் படுத்தி எடுத்தது, மருந்தடித்து அடங்காமல் 2010இல் ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு வந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அதனால் மாடியில் சின்னக் குளவியோ பொறிவண்டோ தெரிந்தால் கடுமையான மருந்து எதுவும் அடிக்காதீர்கள். அடிபட்ட நுனியை வெட்டி, மீதியைத் தண்ணீரில் கழுவினால் வீட்டளவுக்குப் போதும்.

மழை வந்ததும்

வைகாசியில் ஒரு இடி மழை வரும். அது வந்ததும் தொட்டிகளுக்குத் தண்ணீரை அப்படியே பாதியாகக் குறையுங்கள், பத்துமணிப் பூவுக்கு நிறுத்தியே விடலாம். நிழல் வலையை உடனே கழற்ற வேண்டாம், மழை மறுநாள் அடிக்கிற வெயில் இன்னும் உறைக்கும். வாடாமல்லி, ஜினியா, கோழிக்கொண்டைத் தலைகளில் நன்றாகக் காய்ந்ததை மழைக்கு முன்னாலேயே பறித்துவிடுங்கள், நனைந்தால் பூசணம் பிடிக்கும். நிழலில் காயவைத்து, உதிர்த்து, காகித உறையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வேர்க்கும். அந்த விதை ஆடிப் பட்டத்துக்கு. பள்ளப் பாத்தியைப் புரட்டாசி முடிவதற்குள் மேட்டுப் பாத்தியாக மாற்ற வேண்டும், ஐப்பசி மழையில் பள்ளம் குளமாகிவிடும். அந்த வேலையைத் தனியாக எழுதுகிறேன்.