புதிய ஆல்டர்னேட்டர் மாட்டியும் சார்ஜ் ஏறவில்லையா? முதலில் இணைப்புகளைச் சோதியுங்கள்

இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றிய பிறகும் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு அணையவில்லை என்றால், புதிய பாகமே பழுது என்று முடிவுகட்டிக் கழற்றுவதற்கு முன் அதற்கு வரும் வயர்களைச் சோதிக்க வேண்டும். பெல்ட் நழுவாமல் ஓடுகிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளவும்.

முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது அது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை உயர வேண்டும். உயராவிட்டால் இன்ஜினை நிறுத்தி, ஆல்டர்னேட்டரில் தடித்த வயர் இணையும் பி பிளஸ் போல்ட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளக்கவும். பேட்டரியின் வோல்ட் அப்படியே அங்கும் இருக்க வேண்டும். சுழியம் காட்டினால் இடையிலுள்ள மெயின் பியூஸ் போயிருக்கும், அல்லது வயர் அறுந்திருக்கும். நெகட்டிவைக் கழற்றாமல் வேலை செய்யும்போது அந்த போல்ட்டில் மாட்டிய ஸ்பேனர் பாடியில் உரசினாலே அந்த பியூஸ் போய்விடக்கூடும்.

வோல்ட் வந்தும் சார்ஜ் குறைவாக இருந்தால், மீட்டர் காட்டும் ஓம் (மின்தடை) அளவை நம்பி வயரை நல்லது என்று சொல்லிவிடக் கூடாது. உள்ளிழைகளில் ஓரிரண்டு மட்டுமே மிஞ்சிய வயரும் மீட்டரில் நன்றாகவே தெரியும், மின்னோட்டம் மிகும்போதுதான் அதன் குறை வெளிப்படும். எனவே இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ப்ளோயரையும் போட்டுவிட்டு, பி பிளஸ் போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே அளக்கவும். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் தடை உண்டு. ஆல்டர்னேட்டரின் உலோக உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீறினால் ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டில் படிந்த துருவையோ பெயின்ட்டையோ சுரண்டி, இன்ஜின் எர்த் வயரையும் இறுக்கவும்.

அடுத்தது ஆல்டர்னேட்டரில் மாட்டும் சிறிய கனெக்டர். இக்னிஷனைப் போட்டு இன்ஜினைக் கிளப்பாத நிலையில் பேட்டரி விளக்கு எரிய வேண்டும். பல பழைய கார்களில் அந்த விளக்கின் வழியாக வரும் சிறு மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரைத் தூண்டுகிறது என்பதால், பல்பு போனாலே சார்ஜ் தொடங்காமல் போகலாம். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், பச்சை பூத்த பின்னோ, அழுத்தி மாட்டும்போது பின்பக்கமாக நழுவிப்போன பின்னோ கண்ணில் படலாம். வெளியிலிருந்து பார்க்கும்போது அது சரியாக மாட்டியது போலவே இருக்கும். சார்ஜ் 15 வோல்ட்டைத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் பேட்டரி வோல்ட்டைத் தெரிவிக்கும் சென்ஸ் வயரையும் சோதிக்கவும்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் புதிய கார்களில் சார்ஜ் வோல்ட் தேவைக்கேற்ப ஏறி இறங்கும் என்பதால், ஒருமுறை குறைவாகக் காட்டியதை மட்டும் பழுதாகக் கொள்ள வேண்டாம். எந்தக் காராக இருந்தாலும், ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றுவது கூடவே கூடாது. அப்போது திடீரென எழும் உயர் வோல்ட், நல்ல ரெகுலேட்டரையும் கம்ப்யூட்டரையும் கெடுத்துவிடக்கூடும்.