மாட்டுக்கு மூலிகை வளர்க்கிறீர்களா? முதலில் மண்ணைப் பாருங்கள்

இந்த வருஷம் மாட்டுக்கென்று மூலிகைப் பாத்தி போட்ட நாலு வீடுகளைப் பார்த்தேன். நாலும் சாக்கடை ஓரத்தில், இல்லையென்றால் ரோட்டோர வரப்பில். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டேன். நெருக்கி நடுவது, தண்ணீர் விட மறப்பதெல்லாம் ஒரு பருவத்தில் தானே சரியாகிவிடும். நான் சொல்ல வந்தது வேறு.

கழிவு இறங்கும் மண்ணில் நடுவது

கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் ஈரம் கண்டால் கொழிக்கும். எங்கள் தோட்டத்துக்கு மேட்டில் பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறை இருந்தது. மழைத் தண்ணீர் அங்கிருந்து எங்கள் வரப்போரம் இறங்கும். கோடையிலும் ஈரம் காயாது. பட்டறைப் புகையால் மாட்டின் ஈரல் கெடும், மூலிகை காப்பாற்றும் என்று நம்பி அங்கேயே நட்டேன். தினம் காலையில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறி, வரப்புப் புல்லோடு ஒரு கூடை வைப்பேன். வேரில் ஒட்டிய கருமண்ணையும் சேர்த்துப் பசு நாக்கால் வழித்துத் தின்னும்.

சில வாரத்தில் செவலைப் பசு பல்லை நறநறவென்று கடித்தது. நடந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டியது, கண் தெரியவில்லை. அப்புறம் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றது. டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். ஈயம் என்று முடிவு வருவதற்குள் பசு போய்விட்டது. கறவை மாடு. ஈயம் பாலிலும் இறங்கும் என்று அவர் சொன்னபோது, அந்தப் பாலைக் குடித்த பேத்தி முகம்தான் கண்ணில் நின்றது.

'மூலிகைதானே, விஷத்தை அதுவே முறித்துக்கொள்ளும்' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் கோபம் வருகிறது. ஈயம் போலவே நஞ்சான காட்மியம் என்ற உலோகம் வேர் வழியாக இலைக்கே ஏறும். ஈயம் பெரும்பாலும் வேரில் தங்கும், தூசியாக இலைமேலும் படியும். காயவைத்தாலும் கஷாயம் வைத்தாலும் போகாது. மண்ணிலும் அது மக்காது.

வழக்கமான மண் பரிசோதனையில் சத்தும் உப்பும்தான் பார்ப்பார்கள். ஈயம், காட்மியம் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைக் கழிவு இறங்கிய நிலமென்றால் குரோமியம் என்ற உலோகத்தையும் சேருங்கள். சந்தேகமிருந்தால் நல்ல மண் கொண்டுவந்து தொட்டியில் வளர்க்கலாம். கீழாநெல்லியைப் பிடுங்காமல் மண்ணுக்கு நாலு விரல் மேலே அறுத்து, அலசிப் போடுங்கள்.

சுத்தம் செய்யும் செடியைத் தீவனமாக்குவது

வடிகால் ஓரம் வெட்டிவேர் நடுவது நல்லது. மண்ணைப் பிடிக்கும், உலோகத்தையும் உறிஞ்சும். கடுகும் சூரியகாந்தியும்கூட உறிஞ்சும். அதனாலேயே அந்தத் தழை மாட்டுக்கு ஆகாது.

அரளி வேலி

வேண்டாம். வெட்டிப்போட்ட காய்ந்த இலையும் மாட்டைக் கொல்லும்.

பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு

மஞ்சள் தூவிச் சரிசெய்ய முடியாது. பூஞ்சையின் நஞ்சும் பாலில் வரும். கொட்டிவிடுங்கள்.

உண்ணிச்செடி

பாத்தியில் முளைத்தால் உடனே பிடுங்குங்கள். நீங்கள் காப்பாற்ற நினைக்கும் ஈரலைத்தான் அது கெடுக்கும்.