மூட்டுவாதம் வந்த எங்கள் நாய்க்குக் கைகொடுத்தவை

எங்கள் வயதான லாப்ரடாருக்குப் பின்னங்காலில் மூட்டுவாதம் என்று கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார். அவர் கொடுத்த மாத்திரையோடு வீட்டிலும் சில மாற்றங்கள் செய்தோம். அதிகம் கைகொடுத்தது எடைக் குறைப்புதான். கூடுதல் எடை மூட்டை அழுத்துவது மட்டுமல்ல, உடல் கொழுப்பே வீக்கத்தைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கிறது. அதனால் சாப்பாட்டை அளந்து வைத்தோம், தின்பண்டத்தை நிறுத்தினோம். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே மறுப்பது பெரிய கஷ்டம். ஆனால் எடை இறங்க இறங்க, யாரும் தூக்கிவிடாமல் தானாக எழுந்து வாசல்வரை வர ஆரம்பித்தான்.

வழுக்கும் தரையில் ரப்பர் விரிப்பு போட்டோம். நடையை நிறுத்தவில்லை, சின்னச் சின்னதாகப் பிரித்தோம். அசையாமலே படுத்திருந்தால் தசை மெலிந்து மூட்டு இன்னும் இறுகிவிடும். காலையில் வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம், பிறகு தொடையை மெல்ல நீவிவிடுதல். மருத்துவர் எடைக்கேற்ப அளவு சொன்ன மீன் எண்ணெயும் கொடுத்தோம். அதிலுள்ள ஒமேகா-3 வீக்கத்தைத் தணிக்கும், ஆனால் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும்.

தயவுசெய்து நாம் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் பூனையின் உயிரையே பறிக்கும்.